பன்மொழி இணையப் பாடத்தளம்: மொழிபெயர்ப்புச் செருகுநிரல்களின் அமைப்பும் எல்லையும்

ஒரே பாடத்தை இரண்டு மூன்று மொழிகளில் இணையவழி கற்பிக்க முற்படும் கல்வி நிறுவனங்களும் தனி ஆசிரியர்களும் பெரும்பாலும் ஒரே பாதையில் தொடங்குகின்றனர். வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு தளத்தை நிறுவி, அதன்மேல் பாடங்களை நிர்வகிக்கும் ஒரு செருகுநிரலையும், மொழிபெயர்ப்புக்கான மற்றொரு செருகுநிரலையும் சேர்க்கின்றனர். செருகுநிரல் என்பது மூல மென்பொருளின் நிரலைத் திருத்தாமலே அதற்குப் புதிய ஆற்றலைக் கூட்டும் தனி நிரல். தொழிலில் இருப்போர் அதைப் பிளகின் என்றே அழைக்கின்றனர். எந்தச் செருகுநிரலைத் தேர்வது என்ற கேள்விக்கு, விலை, மொழிகளின் எண்ணிக்கை, எந்திர மொழிபெயர்ப்பு வசதி ஆகியவற்றை ஒப்பிட்டு விடை காண்பதே வழக்கமாக உள்ளது. செய்தித்தளத்துக்கு அந்த ஒப்பீடு ஓரளவு போதும், பாடத்தளத்துக்குப் போதாது. பாடத்தளத்தின் பக்கங்கள் படிக்கப்படுவதோடு நிற்பதில்லை. எவர் எந்தப் பகுதியை முடித்தார், எந்த வினாவுக்கு என்ன விடை அளித்தார், எவ்வளவு மதிப்பெண் பெற்றார் என்னும் பதிவுகள் அவற்றோடு பிணைந்துள்ளன. ஆகவே மொழிபெயர்ப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, கற்பவரின் பதிவு எதனோடு கட்டப்படுகிறது என்னும் இரண்டு கேள்விகளே தேர்வின் முதற்படியாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மூன்று அடுக்குகள்

மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து கிளைபிரித்து 2003 மே மாதத்தில் வெளியிட்ட வேர்ட்பிரஸ், இன்று உலக இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றை இயக்குகிறது. இருப்பினும் ஒரே கட்டுரையை அல்லது பாடத்தைப் பல மொழிகளில் வைத்துப் பேணும் வசதி அதன் மூல மென்பொருளில் இல்லை. 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு அறிமுகமான குட்டன்பெர்க் என்ற வேர்ட்பிரஸ் மேம்பாட்டுத் திட்டத்தின் நான்கு கட்டங்களில் பன்மொழி வசதி கடைசிக் கட்டமாகவே வைக்கப்பட்டுள்ளது. அதுவரை இந்த வேலை முழுவதும் செருகுநிரல்களின் பொறுப்பில்தான் இருக்கிறது.

மூல மென்பொருள் செய்துதருவது இடைமுக மொழிபெயர்ப்பு மட்டுமே. இடைமுகம் என்பது பொத்தான்கள், பட்டியல்கள், அறிவிப்புகள் முதலிய நிலையான சொற்றொடர்கள். இவற்றுக்கு கெட்டெக்ஸ்ட் என்ற முறை பயன்படுகிறது. நிரலில் மொழிபெயர்க்கத்தக்க தொடர்கள் தனியே குறிக்கப்பட்டு, ஒரு வார்ப்புருக் கோப்பில் தொகுக்கப்பட்டு, ஒவ்வொரு மொழிக்கும் தனிக்கோப்பாக மொழிபெயர்க்கப்படுகின்றன. வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்தில் உள்ள செருகுநிரல்களுக்குத் தன்னார்வலர்கள் இந்தப் பணியைச் செய்கின்றனர். ஒரு மொழியில் 90 விழுக்காடு நிறைவடைந்து, பொறுப்பாசிரியர்களால் ஏற்கப்பட்டதும் மொழிப்பொதி தானாகவே தளங்களுக்குச் செல்கிறது. கட்டணம் செலுத்தி வாங்கும் பாடச் செருகுநிரல்கள் பல இந்தக் களஞ்சியத்துக்கு வெளியே இருப்பதால், அவற்றின் தமிழ்க்கோப்பைத் தளத்தை அமைப்பவரே உருவாக்கிப் பேண வேண்டியுள்ளது.

இரண்டாம் அடுக்கு பாட உள்ளடக்கம்: பாடத்தின் உரை, படங்கள், காணொளி, வினாக்கள். மூன்றாம் அடுக்கு கற்பவரின் பதிவு: சேர்க்கை, முன்னேற்றம், மதிப்பெண், சான்றிதழ், மின்னஞ்சல் அறிவிப்புகள். மொழிபெயர்ப்புச் செருகுநிரல்களின் விளம்பரங்கள் முதலிரண்டு அடுக்குகளையே பேசுகின்றன. சிக்கல்கள் தோன்றுவதோ பெரும்பாலும் மூன்றாம் அடுக்கில்.

சேமிப்பு முறைகள் நான்கு

இதுவரை வந்துள்ள செருகுநிரல்களை, மொழிபெயர்ப்பைச் சேமிக்கும் முறையால் நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் எல்லா மொழிகளும் தரவுத்தளத்தின் ஒரே புலத்துக்குள் குறிகளால் பிரித்து எழுதப்படுகின்றன. கியூட்ரான்ஸ்லேட் என்ற முன்னோடிச் செருகுநிரல் இவ்வாறு செயல்பட்டது. அமைப்பது எளிது, கற்பவரின் பதிவும் பிளவுபடுவதில்லை. ஆனால் செருகுநிரலை நிறுத்திய கணமே எல்லா மொழிகளும் குறிகளோடு கலந்து பக்கத்தில் கொட்டிவிடும் என்பதால், ஒரு செருகுநிரலின் வாழ்நாளோடு தளத்தின் உள்ளடக்கமே கட்டுண்டு போனது. அதன் பராமரிப்பு நின்றபோது வேறு சிலர் புதுப்பெயர்களில் அதைத் தொடர நேர்ந்ததற்கும் இந்தப் பிணைப்பே காரணம்.

இரண்டாம் வகையில் ஒவ்வொரு மொழிக்கும் தனி இடுகை உருவாகி, அவை ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று என இணைக்கப்படுகின்றன. டபிள்யூபிஎம்எல், பாலிலாங் ஆகியவை இவ்வகையின. முன்னது இந்த இணைப்பைத் தரவுத்தளத்தில் தனி அட்டவணையில் வைக்கிறது. பின்னது வேர்ட்பிரஸின் வகைப்பாட்டு முறையையே அதற்குப் பயன்படுத்துகிறது. செருகுநிரலை நீக்கினாலும் பாடங்கள் தனித்தனி இடுகைகளாக நிலைத்திருக்கும் என்பது இவ்வகையின் பெரும் வலிமை. மொழிக்கு மொழி பாடத்தின் எடுத்துக்காட்டுகளையும் வரிசையையும் மாற்றி எழுதும் உரிமையும் ஆசிரியருக்குக் கிடைக்கிறது.

மூன்றாம் வகையில் மூலமொழிப் பாடம் ஒன்றே இருக்கும்; பக்கம் உலாவிக்கு அனுப்பப்படும் தறுவாயில் அதன் தொடர்கள் ஒவ்வொன்றும் மொழிபெயர்ப்பால் மாற்றப்படும். டிரான்ஸ்லேட்பிரஸ் இந்தத் தொடர்களைத் தளத்தின் சொந்தத் தரவுத்தளத்திலும், பாரிசைச் சேர்ந்த வீக்லாட் தன் சொந்த வழங்கிகளிலும் சேமிக்கின்றன. பக்கத்தைப் பார்த்தபடியே மொழிபெயர்க்கலாம் என்பதால் தொடக்கத்தில் இதுவே மிக எளிது. ஆயினும் மூலத்தொடரில் ஒரு சொல்லைத் திருத்தினால் அதன் பழைய மொழிபெயர்ப்பு பொருந்தாமல் போய்த் தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கில வரி தலைகாட்டும். வெளி வழங்கியை நம்பும் சேவையில், சந்தா முடிந்தால் மொழிபெயர்க்கப்பட்ட பக்கங்களும் மறைந்துவிடும்.

நான்காம் வகையில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தளமே அமைகிறது. மல்டிலிங்குவல்பிரஸ் அவற்றை இணைக்கிறது. மொழிக்கொரு நிர்வாகக் குழு உள்ள பெருநிறுவனங்களுக்கு இது பொருந்தும். சிறு நிறுவனங்களுக்குச் சுமை.

வேர்ட்பிரஸுக்கு வெளியே மூடில் என்ற கட்டற்ற கற்றல் மேலாண்மை அமைப்பையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002 ஆகஸ்டில் முதற்பதிப்பு வெளியான இவ்வமைப்பில், பன்மொழி வடிகட்டி என்ற வசதி தொடக்கக் காலம் முதலே உண்டு. ஒரே பாடத்துக்குள் மொழிக்குறி இட்ட பத்திகள் அருகருகே எழுதப்பட்டு, கற்பவர் தேர்ந்த மொழியின் பத்தி மட்டும் காட்டப்படும். செயல்பாடு ஒன்றே என்பதால் மதிப்பெண்ணும் ஒன்றே. முதல் வகையின் முறையே இது எனினும், அமைப்பின் உள்ளேயே இடம்பெற்றதால் கைவிடப்படும் அச்சம் குறைவு.

கற்பவரின் பதிவும் இருவகைக் கற்பவரும்

லேர்ன்டேஷ், டியூட்டர் எல்எம்எஸ், லிஃப்டர் எல்எம்எஸ் முதலிய பாடச் செருகுநிரல்கள் பாடத்தைப் பகுதிகளாகவும் உட்பகுதிகளாகவும் தேர்வுகளாகவும் அடுக்கி, ஒவ்வொன்றையும் ஓர் இடுகையாக வைக்கின்றன. இடுகைக்கு ஓர் அடையாள எண் உண்டு. கற்பவரின் முன்னேற்றம் அந்த எண்ணோடு சேர்த்தே பதிவாகிறது. மேற்சொன்ன இரண்டாம் வகைச் செருகுநிரலில் தமிழ்ப் பகுதிக்கு ஓர் எண்ணும் ஆங்கிலப் பகுதிக்கு வேறோர் எண்ணும் இருக்கும். எனவே, இடையில் ஓர் இணைப்பு நிரல் பதிவுகளை ஒத்திசைக்காவிட்டால், ஐந்து பகுதிகளைத் தமிழில் முடித்த ஒருவர் ஆறாவதை ஆங்கிலத்தில் திறக்கும்போது, அவர் பாடத்தையே தொடங்காதவராகத் தளம் கருதும். கட்டணம் செலுத்திச் சேர்ந்த பாடம்கூட மற்ற மொழியில் பூட்டப்பட்டிருக்கலாம். மூன்றாம் வகையில் அடையாள எண் ஒன்றே என்பதால் இந்தப் பிளவு நேர்வதில்லை.

அப்படியானால் மூன்றாம் வகையே சிறந்தது என்று முடிவுகட்டிவிடலாமா என்றால், கற்பவர் யார் என்பதைப் பொறுத்தே விடை அமையும். ஒருசாரார் ஒரே மொழியில் தொடங்கி அதே மொழியில் தேர்வெழுதி முடிப்பவர்கள். இலங்கைப் பள்ளி மாணவர்கள் இதற்குத் தெளிவான சான்று. அங்கே பயிற்று மொழியே தேர்வின் மொழியையும் தீர்மானிக்கிறது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் பாடங்களைத் தருகிறது. இவர்களுக்குத் தனித்தனி இடுகைகள் பொருத்தமானவை. பதிவு ஒத்திசைவு பெரும் தேவையன்று. மற்றொரு சாரார் மொழிகளுக்கிடையே சென்று திரும்புபவர்கள். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அத்தகைய மாணவர் ஒரு கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, வேலைத்தேர்வுக்காக அதையே ஆங்கிலத்திலும் பார்க்க விரும்புவார். நிரலெழுதக் கற்பவர்களும் இத்தகையோரே. இவர்களுக்குப் பதிவு ஒன்றாக இருப்பது இன்றியமையாதது. தளத்தின் பெரும்பான்மைக் கற்பவர்கள் எந்தச் சாரார் என்று முதலில் தெளிந்துகொண்டால், செருகுநிரல் தேர்வில் பாதி வேலை முடிந்துவிடும்.

மின்னஞ்சல் அறிவிப்புகளும் பதிவு அடுக்கைச் சேர்ந்தவையே. 2016 டிசம்பரில் வெளியான 4.7 பதிப்பு முதல் ஒவ்வொரு பயனரின் மொழித் தெரிவையும் வேர்ட்பிரஸ் தனியே சேமிக்கிறது. ஆயினும் பின்புலத்தில் தானாக அனுப்பப்படும் நினைவூட்டல்கள், பாடச் செருகுநிரல் அந்தத் தெரிவைக் கவனித்து மொழியை மாற்றாவிட்டால், தளத்தின் முதன்மை மொழியிலேயே செல்லும்.

வினாவும் விடையும் சான்றிதழும்

லேர்ன்டேஷில் வினாக்களின் விடைத் தெரிவுகள் இடுகை அட்டவணைக்கு வெளியே தனி அட்டவணையில் உள்ளன. இடுகைகளை மட்டும் மொழிபெயர்க்கும் கருவி இவற்றைத் தவறவிடக்கூடும். மூன்றாம் வகைக் கருவி வினாவைத் தமிழில் காட்டிவிடும். தெரிவு வினாவில் எத்தனையாவது விடை என்பதே ஒப்பிடப்படுவதால் சிக்கல் இல்லை. கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவிலோ, கற்பவர் தமிழில் எழுதும் விடை, தரவுத்தளத்தில் உள்ள ஆங்கில விடையோடு ஒப்பிடப்பட்டுத் தவறென்று தள்ளப்படும்.

தமிழ் விடையே சேமிக்கப்பட்டிருந்தாலும் எழுத்துக் குறியாக்கம் இடறுகிறது. ஒருங்குறியில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு. ஒருங்குறி வரையறுத்துள்ள இயல்பாக்கம் என்ற முறையால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒப்பிட வேண்டும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்போடு ளகரத்தை இட்டு எழுதும் பிழையை இயல்பாக்கமும் சரிசெய்யாது. அதற்குத் தனி விதி தேவை. இந்த ஏற்பாடுகள் இல்லாத தளத்தில் தமிழில் தட்டச்சு செய்யும் விடைகளுக்குத் தானியங்கி மதிப்பீடு வைப்பது கற்பவருக்கு அநீதி இழைப்பதாகும்.

வினாவின் மொழிபெயர்ப்பு பாடத்தின் மொழிபெயர்ப்பினும் கடுமையான கண்காணிப்பை வேண்டுகிறது. வினா ஒரு மொழியில் எளிதாகவும் மற்றொரு மொழியில் கடினமாகவும் அமைந்தால் மதிப்பெண்களை ஒப்பிடுவதே பொருளற்றதாகிவிடும். ஓஇசிடி அமைப்பு நடத்தும் பீசா என்ற பன்னாட்டு மாணவர் தேர்வில், ஆங்கிலம், பிரெஞ்சு மூலங்களிலிருந்து இரண்டு தனி மொழிபெயர்ப்புகள் செய்யப்பட்டு, மூன்றாமவர் ஒருவரால் ஒன்றாக்கப்பட்டு, பின்னர் சரிபார்க்கப்படும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. சிறு பாடத்தளத்தால் அவ்வளவு இயலாது. ஆனால் மொழிபெயர்த்தவர் அல்லாத பாட ஆசிரியர் ஒருவர் மூலத்தைப் பாராமல் தமிழ்வினாவை மட்டும் படித்து விடை எழுதிப் பார்ப்பது எவருக்கும் இயலும்.

சான்றிதழில் வேறொரு தடை உண்டு. தமிழ் உயிர்மெய்யில் கொம்பு மெய்யின் முன் நிற்க வேண்டும். குறியீட்டு வரிசையில் அது பின்னால் வருகிறது. எழுத்துகளை முறைப்படி அடுக்கும் வல்லமை இல்லாத டிசிபிடிஎஃப், டாம்பிடிஎஃப் போன்ற நிரலகங்கள் உருவாக்கும் பிடிஎஃப் கோப்பில் கொம்புகள் இடம்பெயர்ந்து, கற்பவரின் பெயரே சிதைந்து அச்சாகும். எம்பிடிஎஃப் நிரலகம் இந்திய எழுத்துமுறைகளை அடுக்கவல்லது. செருகுநிரல் எந்த நிரலகத்தைப் பயன்படுத்துகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டறிவது நல்லது.

எந்திரமும் மனிதரும்

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் இடம்பெற்றது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் கையாள்கிறது. 2003இல் ஏழு ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டம், தன் விரிவுரைகளின் எழுத்து வடிவங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தந்துவருகிறது. இவ்வளர்ச்சி மதிக்கத்தக்கது, முதல் வரைவை எந்திரத்திடம் ஒப்படைப்பதால் நேரமும் பொருளும் மிச்சமாகின்றன.

எனினும் எந்திரம் தொடர் தொடராகச் செயல்படுகையில் ஒரே கலைச்சொல்லை ஒரு பகுதியில் ஒருவிதமாகவும் மறுபகுதியில் வேறுவிதமாகவும் தரும் போக்கு உண்டு. கற்பவர் அவற்றை இருவேறு கருத்துகளாக எண்ணிக் குழம்புவார். ஆகவே பாடத்துக்கு முன்னரே ஒரு கலைச்சொற்பட்டியல் உருவாக வேண்டும். தமிழில் அந்தப் பட்டியல் ஒன்றாகவும் இருக்க இயலாது. தமிழ்நாட்டு மாணவருக்கு இயற்பியலும் வேதியியலுமாக இருப்பவை இலங்கை மாணவருக்குப் பௌதிகவியலும் இரசாயனவியலும் ஆகும். வேர்ட்பிரஸும் மூடிலும் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழிப்பிரிவுகளை வைத்திருப்பது இதனாலேயே பொருளுடையதாகிறது.

இடைமுகத் தொடர்களில் பெயர் வந்து அமரும் வெற்றிடங்களும் மனிதக் கவனத்தை வேண்டுகின்றன. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் ஈற்றைப் பொறுத்து மாறுகிறது: மாலாவுக்கு, முருகனுக்கு, குமாருக்கு. வெற்றிடத்தின் பின் ஒரே உருபை ஒட்டினால் பாதிப் பெயர்கள் பிழையாகும். பெயர் உருபு ஏற்காமல் எழுவாயாகவோ விளியாகவோ நிற்கும்படி தொடரை எழுதுவதே தீர்வு.

பக்கத்தை முழுமையாக வாசித்து மொழிபெயர்க்கும் கருவிகள், பக்கத்தில் உள்ள மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும்கூட மொழிபெயர்க்கத்தக்க தொடர்களாகக் கருதி வெளிச் சேவைக்கு அனுப்பக்கூடும். இத்தகைய பகுதிகளை மொழிபெயர்ப்பிலிருந்து விலக்கும் வசதி எச்டிஎம்எல் மொழியிலும் செருகுநிரல்களின் அமைப்புகளிலும் உண்டு. அதைப் பயன்படுத்துவது கற்பவரின் தனியுரிமைக்குத் தளம் செய்யும் கடமை.

முகவரியும் அணுகலும்

ஒவ்வொரு மொழிக்கும் தனி இணைய முகவரி தேவை. முகவரி மாறாமல் குக்கியைக் கொண்டு மட்டும் மொழியை மாற்றும் தளத்தில், தேடுபொறிக்கு ஒரு மொழியே தெரியும். நண்பருக்கு அனுப்பிய இணைப்பும் அவருக்கு வேறுமொழியில் திறக்கலாம். 2011இல் கூகுள் அறிமுகப்படுத்திய மொழி மாற்றுக் குறிகள், ஒரு பக்கத்தின் பிறமொழி வடிவங்களைத் தேடுபொறிக்கு அறிவிக்கின்றன. ஒவ்வொரு மொழிப்பக்கமும் மற்றவற்றைச் சுட்டி, மற்றவையும் அதைத் திரும்பச் சுட்டினால் மட்டுமே அந்தக் குறிகள் செல்லுபடியாகும்.

வேர்ட்பிரஸில் முகவரியின் இறுதிப் பகுதிக்கு 200 குறிகள் வரை மட்டுமே இடம். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகி, முகவரியில் ஒன்பது குறிகளாக விரிவதால், 22 குறியீடுகளுக்குமேல் தமிழில் இடமில்லை. ‘இணையப் பாதுகாப்பின் அடிப்படைகள்’ என்ற தலைப்பின் முகவரி மூன்றாம் சொல்லின் நடுவிலேயே அறுந்துவிடும். குறுகிய முகவரியைக் கையால் எழுதித் தருவதே பாதுகாப்பானது.

பக்கத்தின் மொழியை நிரலில் குறிப்பது டபிள்யூசிஏஜி அணுகல் நெறிகளின் அடிப்படைத் தேவைகளுள் ஒன்று. பக்கத்தின் நடுவே வரும் பிறமொழிப் பகுதிகளையும் அடுத்த நிலை நெறி குறிக்கச் சொல்கிறது. பார்வையற்ற கற்பவரின் திரைவாசிப்பான் இந்தக் குறியைக் கொண்டே எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. தமிழ்ப் பக்கம் ஆங்கிலமென்று குறிக்கப்பட்டிருந்தால் அவருக்குப் பாடமே கிடைக்காது. காணொளியின் துணையுரைக் கோப்புகளும் அவ்வாறே மொழிவாரியாக இணைக்கப்பட வேண்டும். காணொளி வெளித்தளத்தில் இருந்தால் துணையுரையும் அங்கேயே இருக்கும் என்பதால் மொழிபெயர்ப்புச் செருகுநிரல் அதைத் தொடாது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு வரிசை தெளிவாகிறது. கற்பவர் ஒரே மொழியில் நிற்பவரா, மொழிகளுக்கிடையே செல்பவரா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கேற்பத் தனி இடுகை முறையையோ ஒற்றை இடுகை முறையையோ தேர வேண்டும். கலைச்சொற்பட்டியலை அடுத்து உருவாக்கி, எந்திர வரைவைப் பாட ஆசிரியர் திருத்த வேண்டும். வினாக்களையும் சான்றிதழையும் முற்றிலும் மனிதரே சரிபார்க்க வேண்டும். ஒரு சிறு பாடத்தை மட்டும் எல்லா மொழிகளிலும் அமைத்து, சேர்க்கை முதல் சான்றிதழ் வரை, இடையில் மொழியை மாற்றியும் ஒரு கற்பவராக நடந்து பார்த்த பிறகே மற்றப் பாடங்களை ஏற்ற வேண்டும்.

மொழிபெயர்த்த உரையைப் பின்னாளில் திருத்தலாம்; செருகுநிரலையும் சிரமத்தோடு மாற்றலாம். இரண்டு அடையாள எண்களில் பிளவுண்டு கிடக்கும் நூற்றுக்கணக்கான மாணவர்களின் முன்னேற்றப் பதிவை ஒன்றுசேர்ப்பது மிகக் கடினம். தமிழில் படித்தவருக்கும் ஆங்கிலத்தில் படித்தவருக்கும் ஒரே மதிப்புள்ள பதிவையும் ஒரே தரமுள்ள தேர்வையும் தருவதே பன்மொழிப் பாடத்தளம் என்ற பெயருக்குத் தகுதி. தளம் அமைப்போர் அந்தத் தகுதியை முதல் மாணவர் சேரும் முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.